நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியலுக்கு அடிராண்டாக் ரயிலில்: விசா முதல் ஜன்னல் சீட் வரை முழு வழிகாட்டி

அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் அடிராண்டாக் ரயில் காலையில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும். முதலில் ஹட்சன் ஆறு, அப்புறம் ஷாம்ப்ளைன் ஏரி என்று தண்ணீரை ஒட்டியே வடக்கே போய், கனடா எல்லையைத் தாண்டி, இருட்டும் நேரத்தில் மாண்ட்ரியல் சேரும். சுமார் 613 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். அந்தப் பகலுக்காகத்தான் இதில் ஏறுகிறோம்.

நான் இதில் பலமுறை போயிருக்கிறேன். பெற்றோரைக் கூட்டிப் போயிருக்கிறேன், நண்பர்கள் கிளம்பும்போது உடனிருந்து ஏற்பாடு செய்தும் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வரிசை மாறிவிடுகிறது. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை வாங்குகிறார்கள், அப்புறம் ஹோட்டல், கடைசியில்தான் விசா நினைவுக்கு வருகிறது. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில், திரும்பி வர முடியுமா என்று பாருங்கள்

கனடா விசா பற்றி யோசிப்பதற்கு முன் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் அனுமதி கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அமெரிக்காவுக்குள் திரும்ப முடியாவிட்டால் வேலை, படிப்பு, வீடு எல்லாம் அந்தப் பக்கம் இருக்க, நீங்கள் இந்தப் பக்கம் நிற்பீர்கள்.

மாணவர்கள் எஃப்-1 விசாவோடு கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தைக் கொண்டு போக வேண்டும். அதில் பயணத்துக்கான கையெழுத்து இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் இந்தக் கையெழுத்து வாங்கச் சில நாள் ஆகலாம். ஹெச்-1பி வேலையில் இருப்பவர்களுக்கு ஐ-797 ஒப்புதல் கடிதமும், சமீபத்திய சம்பளச் சீட்டுகளும்.

பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரை முடிந்துவிட்டது, ஆனால் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததையும் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதையும் காட்டும் பதிவு) இன்னும் செல்லும் என்ற நிலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் ‘ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்’, அதாவது தானியங்கி மறுசெல்லுபடி என்று ஒரு விதி இருக்கிறது. 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பினால், பழைய விசாவும் செல்லுபடியாகும் ஐ-94-ம் இருந்தாலே உள்ளே வரலாம். இதை நம்பிப் போவதானால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கனடாவில் இருக்கும்போது அங்கே புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போய்விடும். ஐ-94 தாளை இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும், வழியில் யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் பக்கமே போக வேண்டாம். சிலருக்கு முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினாலே அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும்.

2. அடுத்தது, கனடாவுக்குள் நுழையும் அனுமதி

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கனடாவின் பார்வையாளர் விசா வேண்டும். கைரேகை கொடுக்க ஒரு நாள், பிறகு விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டையே அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. ஆகவே இரண்டு மாதமாவது முன்னால் தொடங்குங்கள்.

அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் கனடா விசா வேண்டாம். ஆனால் கார்டு மட்டும் போதாது, உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் அலமாரியில் வைத்திருக்கும் கிரீன் கார்டுக்காரர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

இடிஏ என்ற மின்னணு அனுமதியைப் பலர் விசாவுக்கு மாற்று என்று நினைக்கிறார்கள். அது விசா விலக்கு பெற்றவர்கள் விமானத்தில் போகும்போது தேவைப்படுவது, ரயிலுக்கு அது வேண்டியதில்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் விசாவும் வேண்டாம், ரயிலில் போகும்போது இடிஏ-வும் வேண்டாம். ஆனால் விசா விலக்குத் திட்டத்தில் அமெரிக்காவுக்குள் வருகிறவர்களுக்கு, தரைவழி எல்லையிலும் 2022 அக்டோபர் முதல் எஸ்டா என்ற அமெரிக்க மின்னணு அனுமதி கட்டாயம்.

குழந்தையோடு அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் போனால், வராதவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமலும் விடலாம். கேட்டு, கையில் இல்லாவிட்டால் எல்லோருடைய முகமும் மாறிவிடும்.

3. மாதமும் திசையும்

முதல்முறை போகிறீர்கள் என்றால் வடக்கு நோக்கிப் போகும்போது ரயிலில் போங்கள். காலை வெளிச்சத்தில் ஹட்சன், பிற்பகலில் ஏரி என்று நல்ல இடங்கள் எல்லாம் பகலில் வரும். தெற்கு நோக்கி வரும் ரயில் மாண்ட்ரியலில் முற்பகலில் கிளம்புகிறது. ஏரி பகலிலேயே வந்துவிடும், ஆனால் ஹட்சனை அடையும்போது கோடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் இருட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் ரயில் என்றால் போகும்போது ரயில், வரும்போது பஸ் அல்லது விமானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலை நிறம் மாறும் காலத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வடக்கே அடிராண்டாக் மலைப்பக்கம் நன்றாக இருக்கும். ஹட்சன் பள்ளத்தாக்கில் நிறம் வருவது அதற்குப் பிறகுதான். இரண்டும் ஒரே நாளில் உச்சத்தில் இருக்காது. எனக்குத் தேர்வு கொடுத்தால் அக்டோபர் இரண்டாவது வாரம்.

கோடையில் ஒரு சிக்கல் உண்டு. கனடாப் பகுதித் தண்டவாளத்தில் வெயில் ஏறினால் வேகத்தைக் கடுமையாகக் குறைத்துவிடுவார்கள். இதனால் 2023, 2024 கோடைகளில் வடக்குப் பகுதியில் சேவையே நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால், ரயில் மாண்ட்ரியல் வரை ஓடுகிறதா என்று டிக்கெட் வாங்கும்போதும் பாருங்கள், கிளம்பும் வாரத்திலும் பாருங்கள். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், ஆனால் பனி மூடிய ஏரிக்கரையைக் காண அதற்கு முன்பே நேரம் கிடைக்கும்.

4. டிக்கெட்

வடக்கே போகும் ரயிலின் எண் 69, தெற்கே வருவதன் எண் 68. இந்த எண்களை வைத்துத் தேடினால் குழப்பம் வராது. தேதி நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். குறிப்பாக அக்டோபர் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எல்லை தாண்டும் பயணம் என்பதால் முன்பதிவில் பாஸ்போர்ட் விவரமும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். நம் பெயர்களில் இனிஷியலா, அப்பா பெயரா, குடும்பப் பெயரா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. ஆகவே நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

மாண்ட்ரியலில் அன்றிரவே இன்னொரு ரயிலையோ விமானத்தையோ பிடிக்கும்படி திட்டமிட வேண்டாம். எல்லைச் சோதனைக்கு எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது, நியூயார்க் மாநிலத்தில் உள்ள சாரடோகாவுக்கு வடக்கே சரக்கு ரயில்களோடு ஒற்றைத் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். ஒரு மணி நேரத் தாமதம் இந்த வழியில் சாதாரணம்.

5. கைப்பையும் சாப்பாடும்

ஓர் உறையில் பாஸ்போர்ட், விசா சம்பந்தமான தாள்கள், அச்சிட்ட ஐ-94, தங்குமிட விவரம், திரும்பும் டிக்கெட். இந்த உறை உங்கள் மடியருகே இருக்கும் பையில் இருக்கட்டும், மேலே வைக்கும் பெட்டியில் வேண்டாம். எல்லையில் அதிகாரி ரயில் பெட்டிக்குள் நடந்து வந்தபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, நடைபாதையில் வைத்து, மடித்த புடவைகளுக்கு நடுவே கைவிட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடினார். அதிகாரி பொறுமையாகத்தான் நின்றார். ஆனால் அந்த அம்மாவின் கை நடுங்கியது.

எல்லாவற்றையும் தாளில் வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம், ஏரிக்கரையில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது என்பதுதான். ஹோட்டல் முன்பதிவு மின்னஞ்சலில் இருக்கிறது, மின்னஞ்சல் திறக்கவில்லை என்று எல்லையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். கஃபே பெட்டியில் சாண்ட்விச், காபி, நொறுக்குத் தீனி போன்றவைதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பகல் முழுவதும் அது போதாது. புளியோதரையோ எலுமிச்சை சாதமோ, பக்கத்து இருக்கைக்காரருக்கு வாடை அதிகம் போகாத எதுவும் சரி. பழங்களை எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

திரும்பும்போது இன்னும் கவனம். மாண்ட்ரியலில் உறவினர் வீட்டிலிருந்து கறிவேப்பிலை கொடுத்தனுப்புவார்கள், அதை வாங்கி வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் இருக்கும் என்பதால் அமெரிக்க எல்லையில் அதைப் பறிமுதல் செய்வார்கள். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் கேட்கும்போது சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம் வரும். கனடாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கும், ஆனால் அதை எல்லை தாண்டிக் கொண்டு வருவது இரண்டு பக்கமும் குற்றம்.

6. ஏறும் காலை

ரயில் பென் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. ஆம்ட்ராக் பயணிகள் காத்திருக்க வேண்டியது எட்டாவது அவென்யூவின் மேற்குப் பக்கம் உள்ள மாய்னிஹான் டிரெயின் ஹாலில், கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம். பழைய பென் ஸ்டேஷன் பகுதியில் இறங்கிச் சுற்றிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். எந்தப் பிளாட்பாரம் என்பதைக் கிளம்பச் சற்று முன்புதான் பலகையில் போடுவார்கள். கனடா போகிறவர்களிடம் பாஸ்போர்ட்டை ஏறும் முன்பே பார்ப்பது வழக்கம் என்பதால் வரிசை மெதுவாக நகரும்.

இந்த ரயிலில் சீட் எண் கிடையாது. எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்று நடத்துநர் சொல்வார். இறங்கும் ஊரை வைத்து ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பார்கள். ‘மாண்ட்ரியல்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

7. ஜன்னல்: ஆல்பனி வரை இடது, அப்புறம் வலது

வடக்கே போகும்போது ஆறு உங்கள் இடது பக்கம். ரயில் ஆற்றின் கிழக்குக் கரையில் போகிறது. ஏறியவுடன் இடது ஜன்னலைப் பிடியுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் சேர்ந்து உட்கார இடம் தேடுவதிலேயே அதை விட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு இரண்டு பேர் உட்காருங்கள், போதும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் பாலிசேட்ஸ் பாறைச் சுவர் தொடங்கும். அப்புறம் கிரோட்டன்-ஹார்மனைத் தாண்டியதும் கண்ணை எடுக்காதீர்கள். பேர் மவுண்டன் பாலம், எதிர்க்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் சாம்பல் நிறக் கட்டடங்கள், அடுத்து ஸ்டார்ம் கிங் மலை. அதன் பிறகு ஆற்றின் நடுவே ஒரு சிறிய தீவில் இடிந்த கோட்டை மாதிரி ஒன்று நிற்கும். அது பானர்மன் கோட்டை. உண்மையில் அது ராணுவத் தளவாட வியாபாரி ஒருவர் கட்டிய கிடங்கு. சில நொடிதான் தெரியும், பையில் கேமராவைத் தேடுவதற்குள் போய்விடும்.

ஆல்பனி-ரென்சலரில் ரயில் சற்று நீண்ட நேரம் நிற்கும். நியூயார்க் சுரங்கங்களில் டீசல் புகைக்கு இடமில்லை என்பதால் அங்கே மின்சாரத்திலும் ஓடக்கூடிய எஞ்சின் வேண்டும். அதைக் கழற்றிவிட்டு இங்கே டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். நிறையப் பேர் இறங்குவதும் இங்கேதான். வலது பக்கத்துக்கு மாற இதுவே நேரம். முதலில் நடத்துநரிடம் கேளுங்கள். உங்கள் இருக்கைக்கு மேலே செருகியிருக்கும் சிறிய சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு மாறுங்கள். அந்தச் சீட்டில்தான் நீங்கள் இறங்கும் ஊர் குறித்திருக்கும். அதை விட்டுவிட்டு மாறினால் புது இடத்தில் நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது.

சாரடோகா ஸ்பிரிங்ஸ் வரை பெரிதாக ஒன்றும் இல்லை, சாப்பாட்டை இங்கே முடித்துவிடுங்கள். ஒயிட்ஹாலுக்குப் பிறகு வலது பக்கம் முதலில் நாணல் படர்ந்த சதுப்பு நிலம் வரும். அது மெல்ல அகன்று ஏரியாகும். டிகொண்டரோகா, போர்ட் ஹென்றி, வெஸ்ட்போர்ட் என்று ஊர்கள் போகப் போகத் தண்ணீர் விரிந்துகொண்டே வரும், எதிர்க்கரையில் வெர்மான்ட்டின் பச்சை மலைகள்.

வெஸ்ட்போர்ட்டைத் தாண்டி வில்ஸ்பரோ பக்கம் வரும் இடத்துக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, அதைச் செதுக்கிய விளிம்பில் தண்டவாளம், மறுபக்கம் நேர் கீழே ஏரி. வளைவுகளில் ரயில் ஊர்ந்துதான் போகும். ஜன்னலில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தால் தரை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். என் அப்பா அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

8. எல்லை

நியூயார்க் மாநிலத்தின் கடைசி நிறுத்தம் ரௌசஸ் பாயிண்ட். அதைத் தாண்டிக் கனடாவுக்குள் நுழைந்ததும் ரயில் நிற்கும். எல்லை அதிகாரிகள் ஏறி ஒவ்வொரு இருக்கையாக வருவார்கள். நீங்கள் எழுந்து போக வேண்டியதில்லை, எழவும் கூடாது. ஆகவே கழிவறைக்குப் போவதானால் ரௌசஸ் பாயிண்டுக்கு முன்பே போய் வந்துவிடுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள். அவ்வளவுதான் கேள்வி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பெற்றோரோடு போகிறவர்கள் செய்யும் தவறு, அவர்களிடம் கேட்ட கேள்விக்குத் தாங்களே முந்திக்கொண்டு பதில் சொல்வது. எனக்கும் அது நடந்தது. அதிகாரி என்னை நிறுத்தி, அப்பாவே சொல்லட்டும் என்றார். முந்தின நாளே அவர்களோடு உட்கார்ந்து ஹோட்டல் பெயர், எத்தனை நாள், யார் செலவு என்று ஒருமுறை பேசி வையுங்கள். ஆங்கிலம் வராது என்றால் அதை முதலிலேயே அதிகாரியிடம் சொல்லி, மொழிபெயர்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள்.

9. மாண்ட்ரியலில் இறங்குவது

செயின்ட் லாரன்ஸ் ஆற்றை விக்டோரியா பாலத்தில் தாண்டியதும் நகர விளக்குகள் தெரியும். ரயில் நிற்பது சென்ட்ரல் ஸ்டேஷனில். அங்கே பலகைகளில் ‘கார் சென்ட்ரால்’ என்று பிரெஞ்சில் இருக்கும். போனவென்ச்சர் மெட்ரோ நிலையத்துக்கு உள்வழியாகவே நடந்து போகலாம், குளிர்காலத்தில் இது பெரிய உதவி. கையில் கனடா டாலர் இல்லாவிட்டாலும் கார்டு போதும்.

10. திரும்பும் பயணம்

68-இல் வந்தால் எல்லாமே தலைகீழ்: ஏரிக்கு இடது ஜன்னல், ஹட்சனுக்கு வலது. அமெரிக்கச் சோதனை ரௌசஸ் பாயிண்டில் நடக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஐ-94 புதிதாகத் தேவைப்படுகிறவர்கள் அதற்கான கட்டணத்துக்கு அமெரிக்க டாலர் கொஞ்சம் ரொக்கமாக வைத்திருங்கள்.

விசா முடிந்து, பழைய ஐ-94-ஐ வைத்து வருகிறவர்கள் அச்சிட்ட தாளை நீட்டி, ‘ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்’ விதியில் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அதிகாரி கேட்கட்டும் என்று காத்திருந்தால், காலாவதியான விசாதான் அவர் கண்ணில் முதலில் படும்.

வீடு திரும்பிய மறுநாள் இணையத்தில் உங்கள் ஐ-94 பதிவைப் பாருங்கள். புதிதாகப் பதிந்திருந்தால் எந்தத் தேதி வரை கொடுத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் அந்தத் தேதியோடு ஐ-94-ஐயும் நிறுத்திவிடுவது உண்டு, வேலை ஒப்புதல் அதற்குப் பின்பும் இருந்தாலும் சரி. தேதி தவறாக இருந்தால் அன்றே உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கோ கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ எழுதிவிடுங்கள்.